லேகியமும் லேக்கரும்: ஸ்லாவிய மொழிகளில் மருத்துவனின் பெயர்

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி 2019

ரஷ்ய மொழியில் மருந்துக்கு 'லெக்கார்ஸ்த்வோ' என்று பெயர். பழைய வழக்கில் மருத்துவன் 'லேக்கர்'. ரஷ்யத்துக்கு உறவான ஸ்லாவிய மொழிகள் பேசும் போலந்து, பல்கேரியா, செர்பியா ஆகிய நாடுகளிலும் இதே சொல்தான் சிறு மாற்றங்களுடன் வழங்குகிறது. இது நம்முடைய லேகியத்திலிருந்து போன சொல்தானே? கூடவே இன்னொன்று. இன்று ரஷ்யாவில் மருத்துவரைக் குறிக்கும் 'வ்ராச்' என்னும் சொல், 'பொய் சொல்' என்னும் வினையிலிருந்து பிறந்தது என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது வெறும் கேலியா?

4 பிப்ரவரி 2019, இரவு

லேகியத்துக்கும் லேக்கருக்கும் உறவில்லை. லேகியம் என்பது வடமொழியின் 'லேஹ்ய'. நக்குவதைக் குறிக்கும் 'லிஹ்' என்னும் வேரிலிருந்து, நக்கி உண்ணத்தக்கது என்னும் பொருளில் வந்தது. அந்த வேருக்கு ரஷ்ய மொழியில் உடன்பிறப்பு ஒன்று உண்டு, ஆனால் அது மருந்துக்கடைப் பக்கமே போனதில்லை: 'லிஸாத்' என்னும் வினை, அதற்கும் 'நக்கு' என்றுதான் பொருள். வடமொழியில் ஹகரமாக நிற்கும் ஒரு பழைய ஒலி, ஸ்லாவிய மொழிகளில் அதிர்வுள்ள ஸகரமாக மாறியிருக்கிறது. ஹிமம் என்பதன் உறவுச்சொல் அங்கே குளிர்காலத்தைக் குறிக்கும் 'ஸிமா'. வாகனம் என்பதில் உள்ள 'வஹ்' என்னும் வேர் அங்கே 'வெஸ்தி', அதாவது ஏற்றிச் செல். இந்த ஒழுங்கின்படி, லேகியத்தின் உறவினர் எவராயினும் ரஷ்யாவில் ஸகரத்தோடுதான் இருக்க வேண்டும், ககரத்தோடு இருக்க வழியில்லை. லேகியத்தில் நாம் காணும் ககரம் தமிழ் எழுத்து நமக்குத் தந்தது. மூலத்தில் அது கிடையாது.

ஐரோப்பிய மருந்து நூல்களில் லேகியத்தைப் போன்ற பண்டத்துக்கு 'எலக்சுவரி' என்று பெயர் உண்டு. அதுவும் நக்குதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. ஆக, லேகியத்துக்கு ஐரோப்பாவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்; லேக்கர் மட்டும் அந்தக் குடும்பத்தில் சேராதவர்.

5 பிப்ரவரி 2019

அப்படியானால் லேக்கர் எந்தக் குடும்பம் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஜெர்மானியக் குடும்பம்.

கோத்துகள் என்னும் பழைய ஜெர்மானிய இனத்தார் பேசிய கோத் மொழியில் மருத்துவனுக்கு 'லேக்கீஸ்' என்று பெயர். நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்னும் ஆயர் விவிலியத்தைக் கோத் மொழியில் பெயர்த்தார். அதன் புகழ்பெற்ற பிரதி, ஊதா நிறத் தோல்தாளில் வெள்ளி மையால் எழுதப்பட்டது, இன்று ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. லூக்கா நற்செய்தி 4:23இல், "வைத்தியனே, உன்னைத்தானே குணமாக்கிக்கொள்" என்று நம்மூர் விவிலியத்தில் வரும் இடத்தில், கோத் மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்தான் விளி வடிவத்தில் நிற்கிறது.

ஸ்லாவியர் எடுத்துக்கொண்டது இந்தச் சொல்லின் அடியை. 'லேக்' என்றால் மருந்து. அதனோடு 'அர்' என்னும் விகுதி சேர, மருந்து கொடுப்பவன் 'லேக்கர்' ஆனான். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அந்த விகுதியும் இரவல் என்பதுதான். லத்தீனில் தொழில் செய்பவரைக் குறிக்கும் 'ஆரியுஸ்' கோத் மொழியில் 'ஆரீஸ்' ஆகி, அங்கிருந்து ஸ்லாவியத்துக்குள் புகுந்து, பிறகு உள்ளூர் வினைகளோடும் ஒட்டிக்கொண்டு ரொட்டி சுடுபவனைக் குறிக்கும் 'பேக்கர்' போன்ற சொற்களைப் பெற்றது. (அந்த 'பேக்கர்' ஆங்கிலத்தின் பேக்கர் அல்ல. 'சுடு' என்னும் ஸ்லாவிய வினையிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போனது தற்செயல்.)

கருங்கடலுக்கு வடக்கே மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் கோத்துகள் வலுவாக இருந்தார்கள். அவர்களோடும் பிற ஜெர்மானியரோடும் பழகிய காலத்தில் ஸ்லாவியர் வாங்கிய சொற்களின் பட்டியலைப் பார்த்தால் உறவின் தன்மை புரியும்: ரொட்டியைக் குறிக்கும் 'ஹ்லேப்', இளவரசனைக் குறிக்கும் 'க்ன்யாஸ்', கண்ணாடியைக் குறிக்கும் 'ஸ்தெக்லோ', விலைக்கு வாங்குவதைக் குறிக்கும் 'குப்பீத்'. சந்தை, ஆட்சி, சமையலறை ஆகியவற்றோடு மருந்துப் பெட்டியும் வந்திருக்கிறது.

5 பிப்ரவரி 2019, சற்றுப் பிந்தி

அல்பேனியாவின் நாணயமான 'லெக்' இதனோடு சேருமா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, சேராது. அது மாமன்னர் அலெக்சாண்டரின் பெயர்ச் சுருக்கம்.

7 பிப்ரவரி 2019

வாசகர் ஒருவர் வைகிங் கருதுகோள் ஒன்றை முன்வைத்திருக்கிறார்: ஸ்வீடிஷ் மொழியில் மருத்துவர் 'லேக்காரெ', ரஷ்ய மொழியில் 'லேக்கர்', கீயெவையும் நோவ்கொரோதையும் ஆண்டவர்கள் வடக்கிலிருந்து வந்த வரியாகர்கள் என்னும் வைகிங்குகள், எனவே அவர்கள்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று. பார்ப்பதற்கு அழகான வாதம். ஆனால் வரியாகர்கள் வந்தது ஒன்பதாம் நூற்றாண்டில். அதற்கு முன்பே, ஆறாம் ஏழாம் நூற்றாண்டுகளில் பால்கன் பகுதிக்கு இறங்கிவிட்ட தென்ஸ்லாவியரிடமும் இதே சொல் இருக்கிறது. மேற்கே செக் மக்களிடமும் இருக்கிறது. எனவே ஸ்லாவியர் பல கிளைகளாகப் பிரிவதற்கு முன்பே கையில் இருந்த சொல் என்று கொள்வதுதான் பொருந்தும்.

இதற்கு உயிரொலியும் சாட்சி. பொது ஸ்லாவியத்தில் 'யாத்' என்னும் உயிர் ஒன்று இருந்தது. அது ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக மாறியது. உக்ரைனில் இகரமாகி 'லிக்கார்'. செர்பியாவில் எகரமாகி 'லெக்கர்'. மான்டிநீக்ரோவிலும் போஸ்னியாவிலும் யகரம் கலந்து 'லியெக்கர்'. பின்னாளில் வந்து சேர்ந்த சொல்லாக இருந்தால் அது இந்த மாற்றத்துக்கு இவ்வளவு ஒழுங்காக உட்பட்டிருக்காது. ஸ்வீடிஷ் சொல்லும் ஸ்லாவியச் சொல்லும் இவ்வளவு ஒத்திருப்பதற்குக் காரணம் வேறு: அடி பொதுவானது, லத்தீன் விகுதியும் பொதுவானது, ஆனால் இரண்டையும் இரு தரப்பும் தனித்தனியே இணைத்துக்கொண்டன. ஸ்வீடிஷ் வடிவம் போய்ச் சேர்ந்த இடம் பின்லாந்து. அங்கே மருத்துவர் 'லேக்கரி'.

10 பிப்ரவரி 2019

வ்ராச் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நண்பர் சொன்னது கேலி மட்டும் அல்ல. ஆனால் அவர் சொன்ன வரிசை தலைகீழ்.

இன்றைய ரஷ்ய மொழியில் 'வ்ராத்' என்றால் பொய் சொல்வது. வ்ராச் அந்த வினையின் வழியில் வந்தது என்பதைப் பெரும்பாலான அகராதியாளர் ஏற்கிறார்கள். ரஷ்ய வேர்ச்சொல் அகராதியைத் தொகுத்த மாக்ஸ் ஃபாஸ்மரும் அப்படியே சொல்கிறார். நெய்வதைக் குறிக்கும் 'த்காத்' என்பதிலிருந்து நெசவாளியைக் குறிக்கும் 'த்காச்' வருவதைப் போல, இந்த வினையிலிருந்து வ்ராச். ஆனால் சொல் உருவான காலத்தில் வினைக்குப் பொய் என்னும் பொருள் கிடையாது. பேசுவது, முணுமுணுப்பது என்பதே பழைய பொருள். கிரேக்கத்தில் பேச்சாளனைக் குறிக்கும் 'ரேத்தோர்' என்பதோடு இதை ஒப்பிடுகிறார்கள். நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து மந்திரம் ஓதுபவனுக்கு வ்ராச் என்று பெயர் வந்த பிறகு, வினை தன் போக்கில் பேச்சிலிருந்து அலப்பலுக்கும், அலப்பலிலிருந்து பொய்க்கும் இறங்கியது. பெயர் மட்டும் மேலே ஏறிப் பல்கலைக்கழகப் பட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மருத்துவர் பொய்யர் என்பதற்கு இதில் ஆதாரம் தேடுபவர்கள் வேறு இடத்தில் தேடலாம், கிடைக்காமல் போகாது.

இன்னும் பழைய சொல் ஒன்றும் உண்டு. ஸ்லாவியரின் முதல் எழுத்துமொழியான பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் மருத்துவனுக்கு 'பாலிய்' என்று ஒரு பெயர். அதன் வினை 'பாயாத்தி', மந்திரம் சொல்வது, கதை சொல்வது. போலந்தின் தேவதைக் கதையான 'பாஷ்ன்', ரஷ்யாவின் நீதிக்கதையான 'பாஸ்ன்யா', பல்கேரியக் கிராமங்களில் மந்திரித்து நோய் தீர்க்கும் 'பாயச்கா' என்னும் மூதாட்டி ஆகிய மூவரும் இந்த வினையின் பிள்ளைகள். லத்தீனின் 'ஃபாபுலா' தூரத்து உறவு. பாலிய் என்னும் சொல் மட்டும் வாழ்வழக்கிலிருந்து மறைந்துவிட்டது.

11 பிப்ரவரி 2019

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 863இல் மொராவியாவுக்குச் சமயம் பரப்பப் புறப்பட்ட சகோதரர்கள் சிரிலும் மெத்தோதியும் தொடங்கிவைத்த மரபில் வந்த திருச்சபை ஸ்லாவிய விவிலியத்தில், அதே லூக்கா 4:23 "வ்ராச்சு, இஸ்செலிஸ்யா ஸாம்" என்று நிற்கிறது. கோத் மொழியில் லேக்கீஸ் நின்ற இடத்தில் இங்கே வ்ராச் நிற்கிறது. ஆனால் அடுத்து வரும் வினையைப் பாருங்கள். கோத் மொழியில் குணமாக்குவதைக் குறிக்கும் 'ஹைல்யான்', ஸ்லாவியத்தின் 'செலீத்தி' ஆகிய இரண்டும் 'முழுமையான' என்னும் ஒரே பழஞ்சொல்லின் இரு கிளைகள். ஆங்கிலத்தின் 'ஹீல்' கூட அதே கிளைதான். இந்த ஒரே வசனத்தில், பிறப்பால் உறவான வினையும் உறவே இல்லாத பெயர்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. எனக்குத் தெரிந்து, இரவலுக்கும் உறவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டு இல்லை.

16 பிப்ரவரி 2019

சொந்த அனுபவம் கேட்டிருக்கிறீர்கள். நான் ரஷ்யாவில் மருத்துவம் படித்தவன். நாங்கள் சேர்ந்த படிப்பின் பெயர் 'லெச்செப்னொயெ தேலொ', அதாவது நோய்தீர்க்கும் பணி. தமிழ் மாணவர்கள் அனைவரும் அதைச் சுருக்கி லெச்செப்னி என்றே சொல்வோம். இதில் லேக் எங்கே என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கையைக் குறிக்கும் 'ருக்கா' என்பதிலிருந்து பேனாவைக் குறிக்கும் 'ரூச்கா' வருவதைப் போல, லேக்கின் ககரம் சகரமாகத் திரிந்து 'லெச்சீத்', குணப்படுத்து, என்னும் வினையாகி, அதிலிருந்து படிப்பின் பெயர் பிறந்திருக்கிறது. அதாவது படிப்பின் பெயர் கோத்துகள் தந்தது. முடித்தபின் சான்றிதழில் அச்சாகும் தகுதியோ வ்ராச், மந்திரம் ஓதியவன் தந்தது. இரண்டு குடும்பங்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டிருக்கின்றன.

பிற்பாடு பல்கேரியாவில் ஒரு பயிற்சிக்குப் போனபோது, என் ரஷ்யச் சான்றிதழைப் பார்த்த உடன்பணியாளர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். பல்கேரியப் பேச்சுவழக்கில் வ்ராச் என்றால் மந்திரவாதி, நாட்டு வைத்தியம் பார்ப்பவன். மருத்துவர் அங்கே லெக்கர். செர்பியாவிலும் அப்படித்தான்: 'வ்ராச்சரா' என்பவள் குறி சொல்பவள். பெல்கிரேடில் புனித சாவா பேராலயம் நிற்கும் மேட்டுப்பகுதிக்கு 'வ்ராச்சர்' என்று பெயர், அதையும் இந்தச் சொல்லோடுதான் மக்கள் பொதுவாகத் தொடர்புபடுத்துகிறார்கள். ஸ்லொவேனியாவில் வ்ராச் நாட்டு வைத்தியன். படித்த மருத்துவரோ 'நலம்' என்னும் சொல்லிலிருந்து வந்த 'ஸ்த்ராவ்னிக்'.

17 பிப்ரவரி 2019

பல்கேரியாவில் வ்ராச் என்றால் எப்போதும் மந்திரவாதிதானா என்றால், அதுவும் இல்லை. கூலி வாங்காமல் நோய் தீர்த்த இரட்டைப் புனிதர்களான கோஸ்மாஸும் தமியானும் தென்ஸ்லாவியத் திருச்சபைகளில் 'ஸ்வேத்தி வ்ராச்சி', புனித மருத்துவர்கள், என்றே அழைக்கப்படுகிறார்கள். தென்மேற்குப் பல்கேரியாவில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஸந்தான்ஸ்கி என்னும் ஊரின் பழைய பெயரே 'ஸ்வேத்தி வ்ராச்' என்பதுதான். 1949இல் புரட்சியாளர் யானெ ஸந்தான்ஸ்கியின் நினைவாக மாற்றினார்கள். கோவில் மொழியில் புனிதன், தெருமொழியில் குறிசொல்லி. இரண்டும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் வழங்கியிருக்கின்றன. எனவே சொல்லுக்குள்ளேயே மதிப்போ இழிவோ ஒளிந்திருக்கிறது என்று வாதிடுவது வீண். ரஷ்யாவில் வ்ராச் உயர்ந்ததற்குத் திருச்சபை மொழியின் கௌரவம் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

17 பிப்ரவரி 2019, இரவு

பயணிகளுக்கு மட்டும். உக்ரைனில் 'லிக்கார்ன்யா' என்றால் மருத்துவமனை. செக் நாட்டில் 'லேக்கார்னா', குரோவேசியாவில் 'லியெக்கர்னா', ஸ்லொவேனியாவில் 'லெக்கர்னா' ஆகிய மூன்றும் மருந்துக்கடை. என்னுடன் படித்த உக்ரைனிய நண்பர் ப்ராகில் வீங்கிய கணுக்காலுடன் ஒரு லேக்கார்னாவுக்குள் நுழைந்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அவர்கள் ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பினார்கள்.

24 பிப்ரவரி 2019

ரஷ்யாவில் லேக்கர் ஏன் கீழிறங்கினான் என்ற கேள்விக்கு அரசாங்கத்தின் பதிவேடுதான் விடை.

17ஆம் நூற்றாண்டு மாஸ்கோவில் ஜாருடைய மருத்துவத் துறைக்கு 'அப்தேக்கர்ஸ்கி பிரிக்காஸ்' என்று பெயர். அதில் 'தோஹ்தூர்' என்பவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்து உள்நோய்களுக்கு ஆலோசனை சொல்பவர். லேக்கர் அவருக்குக் கீழே, காயத்துக்குக் கட்டுப் போடவும் குண்டை எடுக்கவும் கைவேலை செய்பவர். 1654இல் போலந்துடன் போர் மூண்டபோது படைக்கு ஆள் தேவைப்பட்டதால், துப்பாக்கி வீரர்களிலிருந்தும் அவர்களுடைய பிள்ளைகளிலிருந்தும் மாணவர்களைத் திரட்டி லேக்கர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். ஆக, தொடக்கத்திலேயே மேல்படி அந்நியச் சொல்லுக்கும் கீழ்ப்படி இந்தச் சொல்லுக்கும் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. 19ஆம் நூற்றாண்டிலும் மருத்துவப் படிப்பை முடித்தவருக்கு லேக்கர் என்னும் பட்டமே கிடைத்தது; ஆய்வேடு எழுதியவர்தான் மருத்துவ டாக்டர். பேச்சிலும் எழுத்திலும் வ்ராச் மெல்ல மெல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று ரஷ்ய மொழியில் லேக்கர் என்றால் பழங்கதை வாடையோ கேலியோ வந்துவிடும். "காலமே சிறந்த லேக்கர்" என்னும் வழக்கில் மட்டும் அவர் கௌரவமாக இருக்கிறார்.

எல்லையைத் தாண்டினால் நிலைமை வேறு. போலந்தில் ஆறாண்டுப் படிப்பை முடித்தவர் பெறும் சட்டபூர்வமான தொழிற்பட்டமே 'லெக்காஷ்' என்பதுதான், அதாவது நம் லேக்கர். ஆனால் நோயாளி கூப்பிடும்போது எவரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. 'பானிய டொக்டோஜெ', டாக்டர் ஐயா, என்பார்கள். ரஷ்யாவிலும் வார்டில் "வ்ராச்!" என்று யாரும் குரல் கொடுப்பதில்லை, "தோக்தர்!" என்றே அழைப்பார்கள். முகத்துக்கு நேரே அழைப்பதற்கு லத்தீன் தேவைப்படுகிறது. உள்ளூர்ச் சொற்கள் படிவத்தில் நிரப்பவும் முதுகுக்குப் பின்னால் பேசவும் பயன்படுகின்றன.

குரோவேசியர் 'லியெச்னிக்' என்றும் செர்பியர் லெக்கர் என்றும் சொல்வதில் இன்று அரசியல் இருக்கிறது. வேர் ஒன்றுதான், விகுதிதான் கொடி பிடிக்கிறது. இதை நீட்ட விருப்பமில்லை.

3 மார்ச் 2019

லேக்கீஸுக்கும் முன்னால் என்ன என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். இங்கே அறிஞர்கள் இரு பக்கமாக நிற்கிறார்கள். பழைய ஐரிஷ் மொழியில் மருத்துவன் 'லியைக்'. இன்றைய ஐரிஷில் மருந்துக்கும் மருத்துவத்துக்கும் வழங்கும் 'லைஸ்' அதன் வழி வந்தது. கெல்டியரிடமிருந்து ஜெர்மானியர் வாங்கினர் என்பது ஒரு கட்சி. சேர்த்தல், சொல்லுதல் என்னும் பொருள்கள் கொண்ட, கிரேக்கத்தின் 'லெகோ' என்னும் வினையைத் தந்த வேரிலிருந்து ஜெர்மானியரே உருவாக்கினர் என்பது இன்னொரு கட்சி. இரண்டாம் கட்சி சரியென்றால் லேக்கரும் ஓதுபவன் ஆகிவிடுகிறான். பாலிய், வ்ராச், லேக்கர் மூவரும் வாயால் வைத்தியம் பார்த்தவர்கள் என்ற அழகான முடிவு கிடைக்கும். அந்த அழகுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. ஒலியளவில் கெல்டியக் கட்சிக்கும் இடர்ப்பாடு உண்டு என்றாலும், பொருள் அச்சாக மருத்துவன் என்றே இருப்பதால் நான் அந்தப் பக்கம் சாய்கிறேன். பாலிய்யும் வ்ராச்சும் ஓதியவர்கள் என்பதில் மாற்றமில்லை; லேக்கரை வலிந்து அவர்களோடு உட்கார வைக்க வேண்டாம்.

3 மார்ச் 2019, பிந்தி

ஆங்கிலத்துக்கு என்ன ஆயிற்று என்றால், அங்கும் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் மருத்துவன் 'லேச்செ'. இன்றைய ஆங்கிலத்தில் 'லீச்' என்றால் இரத்தம் உறிஞ்சும் அட்டை. பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படியான 'பால்டின் லீச்புக்' மருத்துவ நூல், அட்டை பற்றிய நூல் அல்ல. பூண்டு, மதுரசம், மாட்டுப் பித்தநீர் ஆகியவற்றைச் சேர்த்து அதில் சொல்லியிருக்கும் கண்மருந்தை 2015இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்தபோது, மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியை அது கொன்றது. அட்டையைக் குறிக்கும் சொல் வேறொரு சொல்லாக இருந்து, அட்டை விட்டு இரத்தம் எடுக்கும் வைத்தியனோடு சேர்த்து நினைக்கப்பட்டதால் ஒன்றாகிவிட்டது என்பது பலர் கருத்து. மருத்துவன் வழக்கொழிந்தான், அட்டை மிஞ்சியது. ஸ்லாவியத்தில் இந்தக் குழப்பம் வரவே முடியாது: அட்டைக்கு அங்கே 'பியாவ்கா', குடிப்பவள் என்று பெயர்.

9 மார்ச் 2019

மிச்சம் இருந்த கேள்விகளுக்குச் சுருக்கமாக. ருமேனிய மொழி லத்தீன் வழி வந்ததாயினும் மருந்துக்கு 'லேயக்' என்னும் ஸ்லாவிய இரவலை இன்றும் வைத்திருக்கிறது. 'ஃபரெ லேயக்' என்றால் மருந்தில்லாத, அதாவது தீராத. பல்கேரிய மொழியில் 'லெக்' என்பதற்கு மருந்து, இலேசான என்று இரு பொருள்கள் இருப்பது உண்மைதான், ஆனால் அவை இரு வேறு சொற்கள். இரண்டாவதில் நடுவே இருந்த மெய்யும் உயிரும் தேய்ந்துபோனதால் ஒலி ஒன்றாகிவிட்டது. போலந்தில் மருந்து 'லெக்', பதற்றம் 'லென்க்', எழுத்தில் எகரத்துக்கு அடியில் ஒரு வால் மட்டுமே வேறுபாடு. அந்த இரண்டுக்கும் உறவில்லை. பதற்றத்துக்கான மாத்திரை வாங்கப் போகும் வெளிநாட்டு மாணவர்கள் வாலை விட்டுவிடாமல் எழுதிக் காட்டுவது நல்லது.